மௌனப் படக் காலத்தில் அதிகப் படங்களில் சேர்ந்து நடித்த ஜோடி எது?

குறும்படங்களையும் சேர்த்து எண்ணினால் ஜான் பன்னி – ஃப்ளோரா ஃபின்ச் நகைச்சுவை ஜோடியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நியூயார்க் புரூக்ளினில் இருந்த வைட்டகிராஃப் கம்பெனிக்காக, 1910இலிருந்து 1915 ஏப்ரலில் பன்னி இறக்கும்வரை, நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் இருவரும் சேர்ந்து வந்தார்கள். பலரும் சொல்லும் கிரேட்டா கார்போ – ஜான் கில்பர்ட் ஜோடிக்கு மௌனப் படங்கள் மூன்றே மூன்று. நான்காவதான 'குயின் கிறிஸ்டினா' (1933) பேசும் படம்.

ஐந்தே வருடத்தில் நூறு படம் எப்படி என்றால், அன்றைக்குப் படம் என்பது பெரும்பாலும் ஒரே ரீல். 35 மி.மீ. பிலிமில் 1,000 அடி, அடிக்கு 16 ஃபிரேம். விநாடிக்கு 16 ஃபிரேம் வீதம் ஓட்டினால் 16 நிமிடம் 40 விநாடி. 20 ஃபிரேமாக ஏற்றினால் 13 நிமிடம் 20 விநாடியில் முடிந்துவிடும். கொட்டகைகள் படத்தை அடிக்கடி மாற்றியதால் புதுச் சரக்கு வந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. கம்பெனிகளும் நாடகக் குழுக்களின் வழக்கப்படி நடிகர்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு, அதே முகங்களைத் திரும்பத் திரும்பப் போட்டன. பன்னி பெருத்த உடம்பு, ஃபின்ச் ஒல்லி. இருவரும் சட்டகத்துக்குள் வந்து நின்றாலே யார் யாரை மிரட்டப்போகிறார்கள் என்று ஜனங்களுக்குப் புரிந்துவிடும். எழுத்து அட்டை போட்டு விளக்க வேண்டியதில்லை. வசனமில்லாத படத்தில் இது பெரிய சௌகரியம்.

காதல் ஜோடி என்று கேட்டால் ஃபிரான்சிஸ் எக்ஸ். புஷ்மன் – பெவர்லி பெய்ன். முதலில் சிகாகோவின் எசனே கம்பெனி, பிறகு மெட்ரோ. புஷ்மன் மனைவியை விவாகரத்து செய்துவிட்டு 1918இல் பெய்னை மணந்ததும் ரசிகர்கள் விலகினார்கள். இவர்களின் 'ரோமியோ அண்ட் ஜூலியட்' (1916) இன்று கிடைக்காதது எனக்குப் பெரிய வருத்தம்.

இந்தியாவில் பம்பாய் இம்பீரியல் கம்பெனியின் சுலோசனா – டி. பில்லிமோரியா. இங்கேதான் எண்ணிக்கை குழம்பும். 'அனார்கலி' 1928இல் மௌனப் படம், 1935இல் அதே ஜோடியோடு பேசும் படம். ஆண்டு போடாத பட்டியலில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

நீங்களே எண்ணுவதானால் ஒரு ரீல் படங்களையும் முழுநீளப் படங்களையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். நடிகர் பட்டியலில் இரண்டு பெயரும் இருப்பதால் மட்டும் ஜோடி ஆகாது. நிரந்தரக் குழுவில் ஒருவர் நாயகனாகவும் மற்றவர் பக்கத்து வீட்டுக்காரியாகவும் வருவது சகஜம். அன்றைய பத்திரிகைகளில் வந்த கதைச் சுருக்கத்தைப் பார்த்து யாருக்கு என்ன வேடம் என்று உறுதி செய்யுங்கள். 1910க்கு முந்தைய படங்களில் நடிகர் பெயரே போடமாட்டார்கள் என்பதால், அந்த வருடங்களின் கணக்கை அப்படியே நம்பாதீர்கள்.

பன்னி – ஃபின்ச் படங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. மிஞ்சியதில் 'எ க்யூர் ஃபார் போக்கரைட்டிஸ்' (1912) பாருங்கள், ஒரே ரீல்தான். சீட்டாட்டத்தை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்து ஏமாற்றும் கணவனை, போலி போலீஸை அனுப்பி மனைவி திருத்துகிறாள்.