குயில் பாட்டை அலகிடுவது எப்படி?

கேள்வி: பள்ளியில் கன்னடம் படித்தவள் நான். பாரதியின் ‘குயில் பாட்டு’ தொடக்கத்தை லகு (ஒரு மாத்திரைக் குறில்), குரு (நெடிலோ ஒற்றடுத்ததோ, இரண்டு மாத்திரை) போட்டு எண்ணினேன். முதல் இரண்டடியும் 21 மாத்திரை. மூன்றாவது 20, ஐந்தாவது 19. எங்கே தவறுகிறேன்? தமிழ் எதுகையும் கன்னட ஆதிப்ராசமும் ஒன்றுபோலத் தெரிகின்றனவே?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: எண்ணியது சரிதான், அளவுகோல்தான் வேறு. ரகளை, ஷட்பதி என்ற கன்னடப் பாவகைகளுக்கு மாத்திரை போதும். இந்தப் பாட்டை நடத்துவது தளை, அதாவது ஒரு சீர் (அசைகள் சேர்ந்த துண்டு) முடிவதற்கும் அடுத்த சீர் தொடங்குவதற்கும் உள்ள பொருத்தம். மாத்திரை கூடினாலும் குறைந்தாலும் தளை தட்டக்கூடாது.

முதலில் அசை பிரியுங்கள். தனிக்குறிலோ நெடிலோ நேர். இரு குறில் சேர்ந்தாலும், குறிலும் நெடிலும் சேர்ந்தாலும் நிரை. பின்னால் வரும் ஒற்றுக்குக் கணக்கில்லை. கன்னடம் படித்தவர்கள் சறுக்குவது இங்கேதான்: ‘கடல்’ உங்களுக்கு லகு, குரு என இரண்டு, தமிழில் ஒரே நிரையசை.

காலை யிளம்பரிதி வீசுங் கதிர்களிலே
நீலக் கடலோர் நெருப்பெதிரே சேர்மணிபோல்
மோகனமாஞ் சோதி பொருந்தி முறைதவறா
வேகத் திரைகளினால் வேதப் பொருள்பாடி

முதலடி: தேமா (நேர் நேர்), கருவிளங்காய் (நிரை நிரை நேர்), தேமா, கருவிளங்காய். ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம்; மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய். மாச்சீருக்குப் பின் நிரை, விளச்சீருக்குப் பின் நேர், காய்ச்சீருக்குப் பின் நேர்: இந்த மூன்றும்தான் வெண்டளை, அதாவது வெண்பாவுக்குரிய தளை. அடி முடிந்தாலும் சங்கிலி அறாது. ‘கதிர்களிலே’ காய், அதனால்தான் அடுத்த அடி ‘நீ’ என்று நேரில் தொடங்குகிறது.

சீரைப் பொருளுக்காக உடைத்தால் எல்லாம் குலையும். மூன்றாமடியை ‘மோகன மாஞ்சோதி பொருந்தி’ என்று பிரித்துப் பாருங்கள். ‘மாஞ்சோதி’ காய்ச்சீர் ஆகிவிடும். அடுத்து ‘பொருந்தி’ நிரையில் தொடங்குவதால் தளை தட்டும். சந்தி பிரித்து அச்சிட்ட பதிப்புகளை வைத்து அலகிடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எதுகையை ஆதிப்ராசத்தோடு ஒப்பிட்டது நல்ல கவனிப்பு. இரண்டிலும் இரண்டாம் எழுத்துத்தான் ஒன்றுகிறது. முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். ஆனால் ஆதிப்ராசம் பத்யம் (செய்யுள்) முழுவதும் ஒன்றாக ஓடும். இங்கே இரண்டடிக்கு ஒருமுறை மாறுகிறது: காலை–நீல, மோகன–வேக, அடுத்து வந்து–செந்தமிழ். எத்தனை அழகான ஏற்பாடு! நெடும்பாட்டு அலுக்காமல் நகர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மோனையையும் விடாதீர்கள். கா–க, மோ–மு: முதற்சீரும் நான்காம் சீரும், ஒரூஉ மோனை. நீ–நெ, வே–வே: முதலும் மூன்றும், பொழிப்பு மோனை. நான்கடியில் மாறிமாறி வருகின்றன.

கேள்வி: இதே பாட்டைக் கலிவெண்பா என்கிறார்கள். கடைசி அடியில் நான்கு சீர் இருக்கிறதே?
– கல்லூரி மாணவர், ஜெயநகர்

பதில்: ‘யாதானுஞ் சற்றே இடமிருந்தாற் கூறீரோ’ என்பதுதானே? சரியாகப் பிடித்தீர்கள். இலக்கணப்படி கலிவெண்பாவின் ஈற்றடி முச்சீர். அதன் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு ஆகிய வாய்பாடுகளில் ஒன்றாக முடிய வேண்டும். இங்கே நாற்சீரடி, முடிவு தேமாங்காய். தளை மட்டும் கடைசிவரை வெண்டளையே. ஆகவே ‘கலிவெண்பா நடை, ஈற்றடி மரபு விலக்கியது’ என்று எழுதுங்கள். கேள்வியில் முடியும் பாட்டை மூன்று சீரில் அடைத்துப் பூட்டாமல் விட்டது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

கேள்வி: அணிகளைப் பட்டியல் போட்டால் மதிப்பெண் கிடைக்குமா?
– அதே மாணவர்

பதில்: பெயர் மட்டும் போதாது. ‘நெருப்பெதிரே சேர்மணிபோல்’ உவமை என்பதோடு நிறுத்தாதீர்கள்: கடல் மணி, காலைக்கதிர் நெருப்பு, ஒளியேறுவது பொதுத்தன்மை, ‘போல்’ உவமஉருபு. அலையோசையை வேதம் பாடுவதாக ஏற்றிச் சொன்னது தற்குறிப்பேற்றம். பாட்டு முழுவதையும் அலகிட வேண்டாம். தொடக்கம், குயில் பேசும் ஓர் இடம், முடிவு என மூன்று பகுதி எடுங்கள். எதுகை இணை எங்காவது விட்டுப்போனால் அந்த அடி எண்ணைக் குறித்து, அங்கே பொருள் திரும்புகிறதா என்று பாருங்கள்.