சர்வதேசத் தண்ணீர் சங்கத்தில் உறுப்பினரானால் என்ன பயன்?

கேள்வி: நான் சிவில் படித்தவன், வயது 27. பெங்களூரு ஹலசூரில் குடியிருக்கிறேன். குடிநீர்க் குழாய்க் கசிவு கண்டுபிடிக்கும் ஒப்பந்த நிறுவனத்தில் வேலை. சர்வதேசத் தண்ணீர் சங்கத்தில் உறுப்பினரானால் வெளிநாட்டு வேலைக்கு உதவும் என்கிறார் உடன் வேலை செய்யும் அண்ணன். பணம் கட்டிச் சேரலாமா?

பதில்: சேரலாம். ஆனால் அந்த அண்ணன் சொன்ன காரணத்துக்காக வேண்டாம். ஐ.டபிள்யூ.ஏ. எனப்படும் அந்தச் சங்கம் யாருக்கும் தொழில் உரிமம் தருவதில்லை. ‘சார்ட்டர்ட் இன்ஜினீயர்’ தகுதி வேண்டுமென்றால் இந்தியப் பொறியாளர் நிறுவனத்திடம் போக வேண்டும். உங்கள் டெண்டரில் வரும் குழாய்த் தரம் இந்திய தர நிர்ணய அமைவனம் சொல்வது. வடிவமைப்புக்கு மத்திய அரசின் குடிநீர்ப் பொறியியல் அமைப்பான சி.பி.எச்.இ.இ.ஓ.வின் கையேடு. இவை எதையும் லண்டனில் இருக்கும் சங்கம் மாற்ற முடியாது.

அப்படியென்றால் அது எதற்கு? குடிநீர் வழங்கலுக்கென 1947-ல் தொடங்கிய சங்கமும், நீரின் தரத்துக்கென 1965-ல் தொடங்கிய சங்கமும் 1999-ல் இணைந்து உருவானது இது. பல நாட்டுப் பொறியாளர்கள் ஒரே மாதிரி கணக்குப் போட வழி செய்ததுதான் அதன் பெரிய வேலை என்பேன். விட்ட தண்ணீர் எங்கெங்கே போனது என்று பிரித்துக் காட்டும், நீங்கள் தினம் பார்க்கும் நீர்க் கணக்கு அட்டவணை அதன் குழு 2000-ல் வெளியிட்டதுதான்.

ஒரு கணக்கு பார்ப்போம். ஒரு பகுதிக்கு நாளுக்கு 100 லட்சம் லிட்டர் விடுகிறோம். பில் ஆவது 65 லட்சம். மீதி 35 லட்சமும் கசிவு என்று எழுதினால் குழாயைத் தோண்டச் சொல்லி உத்தரவு வரும். அட்டவணைப்படி பிரித்தால், பொதுக்குழாய்க்கும் தீயணைப்புக்கும் இலவசமாகப் போனது 3 லட்சம், திருட்டும் மீட்டர் பிழையும் 8 லட்சம், உண்மையான கசிவு 24 லட்சம் என்று வரலாம். அந்த 8 லட்சத்துக்கு மண்வெட்டி தேவையில்லை. சம்பில் மிதவை வால்வு மெல்ல மூடும்போது நூலாகச் சொட்டும் தண்ணீரைப் பழைய மீட்டர் பதிவதே இல்லை. அந்தப் பிழைக்கு மீட்டரை மாற்றினால் போதும். கசிவையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. தொரேகாடனஹள்ளி நீரேற்று நிலையத்திலிருந்து பெங்களூருக்குச் சுமார் 100 கி.மீ., மூன்று கட்டமாக பம்ப் அடித்து மேலே ஏற்றிய காவிரித் தண்ணீர் அது, மின் கட்டணத்தோடு சேர்ந்தே மண்ணில் போகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதே குழுவினர் தந்த ஐ.எல்.ஐ. என்ற குறியீடு, தவிர்க்கவே முடியாத கசிவைப் போல எத்தனை மடங்கு கசிகிறது என்று சொல்லும். அதன் சூத்திரம் குழாயில் எப்போதும் அழுத்தம் இருப்பதாகவே வைத்துக்கொள்கிறது. நம் ஊரில் ஒருநாள் விட்டு ஒருநாள் 4 மணி நேரம் தண்ணீர் வரும் தெருவை எடுங்கள்: நாளுக்குச் சராசரி 2 மணி நேரம். அந்த நேரத்தில் ஓர் இணைப்புக்கு 100 லிட்டர் கசிந்தால், 24 மணி நேர வழங்கலில் அது 1,200 லிட்டருக்குச் சமம். இப்படி மாற்றாமல் போட்டால் ஓட்டைக் குழாயும் நல்ல குழாய் போலத் தெரியும். மேலதிகாரிக்கு அந்த எண் பிடிக்கும்தான்! சங்கத்தின் நீரிழப்புக் குழுவில் இருப்பவர்கள் விவாதிக்கும் சங்கதிகளில் இதுவும் ஒன்று. உங்களுக்கு உண்மையில் உதவப்போவது அந்தக் குழுவும் அதில் கிடைக்கும் தொடர்புகளும்தான். வெறும் உறுப்பினர் அட்டையைப் பயோடேட்டாவில் போட்டால் யாரும் கூப்பிடப் போவதில்லை. குழுக் கூட்டத்தில் உங்கள் தெருவின் கணக்கை வைத்து ஒரு கட்டுரை படித்தால், ஒருவேளை கூப்பிடுவார்கள்.

படிப்பதற்காக மட்டும் என்றால் காசு தேவையில்லை. சங்கத்தின் பதிப்பகம் நடத்தும் இதழ்களை 2021 முதல் யாரும் இலவசமாகப் படிக்கலாம். அமெரிக்க நீர்ப்பணிச் சங்கத்தின் நீர்த் தணிக்கை மென்பொருளும் இலவசம். அப்புறம், மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய நீர்ப்பணிச் சங்கம் 1968 முதல் இருக்கிறது. உள்ளூர் வாரியப் பொறியாளர்களைப் பழக அதுதான் வசதி.

சரி, இதற்குப் பிறகும் சேர நினைத்தால், இளம் வல்லுநர்களுக்கான பிரிவில் விண்ணப்பியுங்கள். வயது உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. நிறுவன உறுப்பினர் என்றும் ஒரு பிரிவு உண்டு. உங்கள் கம்பெனி ஏற்கெனவே அதில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.