குழந்தைகளின் காது, தொண்டை, மூச்சுக்குழல் ஆபரேஷன்: கேட்டதும் சொன்னதும்

குழந்தைகளுக்குக் காது மூக்கு தொண்டை அறுவை செய்பவன் நான். கேள்வி கேளுங்கள் என்று சொன்னது தப்பாகிவிட்டது, கொட்டிவிட்டீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பிள்ளையைப் பார்க்காமல் எழுதுகிறேன், அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

கரூர் அம்மா: மகனுக்கு நாலரை வயது. டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை. வலியும் இல்லை, சீழும் இல்லை. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது, குரோமெட் என்ற சின்னக் குழாயைச் செவிப்பறையில் வைக்கணும் என்கிறார்கள். மாத்திரையில் போகாதா?

நீர் என்கிறோமே தவிர, அது நீர் மாதிரியே இருக்காது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே செவிப்பறையில் 2 மில்லிமீட்டர் கீறி, உறிஞ்சு குழாயை வைத்து இழுத்தால், மழையில் ஊறிய முருங்கைப் பிசின் மாதிரி நூல் நூலாக வரும். மூக்கின் பின்பக்கத்திலிருந்து காதுக்குக் காற்று போக ஒரு குழாய் இருக்கிறது. பெரியவர்களுக்கு அது சரிவாக இருக்கும், சின்னப் பிள்ளைகளுக்குக் குட்டையாக, ஏறக்குறையப் படுத்த வாக்கில் இருக்கும். சளி பிடித்தாலோ, மூக்கின் பின்பக்கத்தில் இருக்கும் அடினாய்டு என்ற சதை பெருத்தாலோ அது அடைத்துக்கொள்ளும், உள்ளே பிசின் சேரும். ஆன்டிபயாடிக்கும் சளி மாத்திரையும் இதற்குப் பெரிதாக உதவாது, ஆனாலும் எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

நீங்கள் சொல்லாதது ஒன்று, இதை முதலில் கண்டுபிடித்து எத்தனை நாளாகிறது? மூன்று மாதம் ஆகவில்லை என்றால் பொறுங்கள், பாதிப் பிள்ளைகளுக்கு மேல் தானாகவே வடிந்துவிடும். அதுவரை பள்ளியில் முதல் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லுங்கள், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். மூன்று மாதம் கழித்தும் டிம்பனோமெட்ரி (செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று பார்க்கும் சோதனை) கோடு மேடே இல்லாமல் தட்டையாக வந்து, கேட்கும் திறனும் குறைந்திருந்தால் அப்போது குரோமெட் நியாயம்தான். அன்னப்பிளவு உள்ள பிள்ளை, டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை, பேச்சு ஏற்கெனவே பின்தங்கிய பிள்ளை, இவர்களுக்கு இந்த மூன்று மாதக் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டிருக்க மாட்டோம்.

அதே அம்மா: அந்தக் குழாய் ஆயுசுக்கும் உள்ளேயே இருக்குமா? தலைக்கு ஊத்தலாமா?

இருக்காது. பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருஷத்துக்குள் தானே வெளியே வந்துவிடும், தலையணையில் கிடந்தது என்று கொண்டுவந்து காட்டுவார்கள். சிலருக்கு மட்டும் ஓட்டை மூடாமல் நின்றுவிடும், அதை அப்புறம் அடைக்கலாம். தலைக்குத் தாராளமாக ஊற்றலாம், பஞ்சில் வாசலின் தடவிக் காதில் வைத்துக்கொண்டால் போதும். கிணற்றில் குதிப்பது மட்டும் வேண்டாம். எண்ணெய் வேண்டவே வேண்டாம், பூண்டு போட்டுக் காய்ச்சியதானாலும் சரி.

மதுரை அப்பா: ஐந்து வயது மகள், பெரியவர்கள் மாதிரி குறட்டை. வாயைத் திறந்தபடியே தூங்குகிறாள். வளர்ந்தால் சரியாகிவிடும் என்கிறார் என் அக்கா. டான்சில், அடினாய்டு இரண்டையும் எடுக்கச் சொல்கிறார் டாக்டர்.

உங்கள் அக்கா சொல்வதிலும் பாதி சரி, அடினாய்டு ஏழெட்டு வயதுக்கு மேல் சுருங்க ஆரம்பிக்கும். அதுவரை தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்பதுதான் கேள்வி. இன்றைக்கு இரவு அவள் நன்றாகத் தூங்கின பிறகு சட்டையைத் தூக்கிவிட்டு இரண்டு நிமிஷம் வீடியோ எடுங்கள். நெஞ்சு உள்வாங்குகிறதா, குறட்டை சட்டென்று நின்று சில விநாடி கழித்துத் திணறலோடு தொடர்கிறதா? படுக்கையை நனைக்காமலிருந்த பிள்ளை மறுபடி நனைக்கிறதா, பகலில் காரணமில்லாமல் எரிச்சல் படுகிறதா? இதெல்லாம் இருந்தால் எடுத்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். லேசான குறட்டை மட்டும் என்றால் மூக்கு ஸ்பிரே சில வாரம் போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

அடிக்கடி தொண்டைப் புண் வருகிறது என்பதற்காக எடுப்பது வேறு கணக்கு. ஒரே வருஷத்தில் ஏழு தடவை, அல்லது வருஷத்துக்கு ஐந்து வீதம் இரண்டு வருஷம், அல்லது மூன்று வீதம் மூன்று வருஷம், அதுவும் காய்ச்சலோ சீழோ நெறிகட்டலோ சேர்ந்து வந்த தடவைகள்தான் கணக்கு. டான்சில் பெரிதாகத் தெரிகிறது என்பது மட்டும் காரணமே இல்லை. அப்புறம், பலரும் டான்சிலை "உள்நாக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். உள்நாக்கு நடுவில் தொங்குவது, டான்சில் இரண்டு பக்கமும் இருப்பது. உள்நாக்கை யாரும் எடுக்கச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

ஈரோடு: எடுத்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடாதா?

போகாது. அதே வேலையைச் செய்யும் திசு தொண்டையில் வேறு இடங்களிலும் இருக்கிறது.

பெயர் வேண்டாம் என்றவர்: டான்சில் எடுத்து ஆறு நாள் ஆகிறது. தொண்டை வெள்ளையாக இருக்கிறது, சீழா? காதும் வலிக்கிறது என்கிறான்.

வெள்ளை ஆறுகிற புண்ணின் மேல்தோல், சுரண்டாதீர்கள். காது வலி தொண்டையிலிருந்து அதே நரம்பு வழியாக வருவது. ஆனால் நீங்கள் இப்போது இருக்கிற ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரைதான் ரத்தக் கசிவுக்கு ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய காலம். தூங்கும்போது பிள்ளை அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தால், லைட்டைப் போட்டு வாயைத் திறந்து பாருங்கள். ரத்தம் தெரிந்தால், நின்றுவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ஆஸ்பிரின் கூடாது, கோடீன் கலந்த மருந்தும் கூடாது. ஐஸ்கிரீம் மட்டுமே கொடுத்துக்கொண்டிருக்காமல் இட்லி கொடுங்கள், மென்று விழுங்க விழுங்கத்தான் வலி சீக்கிரம் விடும்.

சேலம்: இரண்டு மாதக் குழந்தை. மூச்சை இழுக்கும்போது கீச்சென்று சத்தம், அழுதால் கூடுகிறது. சளி என்று குளிப்பாட்டும் அம்மா மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுகிறார்.

முதலில் ஊதுவதை நிறுத்துங்கள். அந்த எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வந்த பிள்ளைகள் உண்டு. இந்த வயதில் இப்படிச் சத்தம் வரப் பெரும்பாலும் காரணம், குரல்வளைக்கு மேலே உள்ள குருத்தெலும்பு இன்னும் இறுகாமல் தொளதொளவென்று இருப்பது. மூச்சு இழுக்கும்போது அது உள்ளே மடிந்து விழுகிறது. ஆறேழு மாதம் வரை சத்தம் கூடி, அப்புறம் குறைந்து, ஒன்றரை இரண்டு வயதுக்குள் போய்விடும். என்றாலும் ஒரு தடவை சின்ன எண்டோஸ்கோப் விட்டு அதுதான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சத்தத்தை விட எடையைத்தான் நாங்கள் பார்ப்போம். பால் குடிக்க முடியாமல் எடை ஏறவில்லை, உதடு நீலமாகிறது, மூச்சு நிற்கிறது என்றால்தான் அந்த மடிப்பை வாய் வழியாகவே வெட்டிச் சரிசெய்வோம். குப்புறப் போட்டால் சத்தம் குறைகிறது என்று தூங்கும்போதும் அப்படியே போட்டுவிடாதீர்கள்.

விருத்தாசலம் அப்பா: பையனுக்கு இரண்டு வயது. கடலை மிட்டாய் சாப்பிடும்போது புரையேறி அரை மணி நேரம் இருமினான், அப்புறம் சரியாகிவிட்டது. எக்ஸ்ரே நார்மல். ஆனால் பத்து நாளாக வீசிங், நெபுலைசர் வைத்தும் போகவில்லை.

இந்தக் கேள்விதான் எனக்கு இன்றைக்குப் பதற்றம் தருகிறது. வேர்க்கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. புரையேறி, இருமி, அப்புறம் அமைதியானது என்றால் வெளியே வந்துவிட்டது என்றும் இருக்கலாம், குரல்வளையைத் தாண்டிக் கிளைக்குழலில் போய் உட்கார்ந்துவிட்டது என்றும் இருக்கலாம். எக்ஸ்ரேயை விட நீங்கள் சொன்ன கதைக்குத்தான் மதிப்பு. நாளைக்கே பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) வசதியுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், "கடலை மிட்டாய் சாப்பிடும்போது புரையேறியது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வீசிங் என்று ஆரம்பித்தால் மறுபடி நெபுலைசர்தான் கிடைக்கும்.

1897-இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்கில் குஸ்டாவ் கில்லியன் ஒரு விவசாயியின் மூச்சுக்குழலிலிருந்து எலும்புத் துண்டை நேரான குழாய் விட்டு எடுத்தார். இன்றும் அடிப்படை அதேதான், கேமரா சேர்ந்திருக்கிறது. மயக்க மருத்துவருக்கும் எனக்கும் அந்த ஒரே வழிதான், அவர் காற்றுக் கொடுக்கிற குழாய்க்குள்தான் நான் இடுக்கியை விட வேண்டும். பத்து நாள் ஊறின கடலையை இறுக்கிப் பிடித்தால் நொறுங்கும், தொளவாகப் பிடித்தால் குரல்வளையில் நழுவிவிடும். சீத்தாப்பழ விதை அதற்கும் மேல், வழுக்கிக்கொண்டே ஓடும். பொம்மைக்குள் இருக்கும் விசில் போனால் பிள்ளை மூச்சு விடும்போதே விசில் அடிக்கும், சிரிக்கத் தோன்றும், சிரிக்கிற விஷயமில்லை.

முழுக்க அடைத்து, அழவோ இருமவோ முடியாமல் போனால்: ஒரு வயதுக்குள் என்றால் தலையைத் தாழ்த்திக் கவிழ்த்து முதுகில் ஐந்து தட்டு, திருப்பி நெஞ்சில் ஐந்து அழுத்து. அதற்கு மேல் என்றால் முதுகில் தட்டி, வராவிட்டால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து மேல்வயிற்றை உள்ளே மேலே என்று அழுத்துங்கள். விரலை விட்டுத் துழாவாதீர்கள், தொக்கம் எடுப்பவரிடம் ஓடாதீர்கள். இருமிக்கொண்டிருந்தால் இருமட்டும், விட்டுவிடுங்கள்.

நாமக்கல்: சொந்த மாமாவைத்தான் கட்டினேன். மகளுக்கு இரண்டு வயது, இரண்டு காதும் கேட்கவில்லை, பேரா (BERA) என்ற கேட்கும் நரம்புச் சோதனையில் தெரிந்தது. உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் என்கிறார்கள். அவள் அப்பாவும் நாலு வயதில்தான் பேசினார் என்கிறார் மாமியார்.

மாமியார் சொல்லை நம்பிக் காத்திருக்காதீர்கள் அம்மா. மொழிக்கான மூளை வளரும் வயது இது, மூன்று வயதுக்குள் வைத்தால் கிடைக்கும் பேச்சு ஐந்து வயதில் வைத்தால் கிடைப்பதில்லை. இப்போதே ஹியரிங் எய்டு மாட்டிப் பழக்குங்கள், கூடவே எம்ஆர்ஐ எடுத்துக் கேட்கும் நரம்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், நியூமோகாக்கல் தடுப்பூசி போடுவார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு இது வருகிறது.

ஆபரேஷன் முடிந்ததும் கேட்டுவிடாது. சில வாரம் கழித்து வெளிக்கருவியை மாட்டி சுவிட்ச் போடும் நாளில் பல பிள்ளைகள் அழும், சில பிள்ளைகள் கண்ணை மட்டும் விரிக்கும். அதன்பிறகு வருஷக்கணக்கில் பயிற்சி, அதுதான் பெரிய பாதி. பேட்டரி, ஒயர் செலவு பின்னால் வரும் என்பதையும் இப்போதே கேட்டுவையுங்கள். இது உங்கள் குற்றமில்லை, இருவரிடமும் மறைந்திருந்த ஒரே மரபணு சேர்ந்திருக்கலாம். அடுத்த குழந்தை என்றால் பிறந்த ஒரு மாதத்துக்குள் காதைச் சோதித்துவிடுங்கள்.

கோவை: குறைமாதத்தில் பிறந்து வென்டிலேட்டரில் இருந்த மகன். குரல்வளைக்குக் கீழே சுருங்கிப்போய், கழுத்தில் குழாயோடு ஒரு வருஷமாக இருக்கிறான். அதை எடுத்துவிட்டுத் தைத்துவிட முடியாதா?

சுருக்கத்தை விரித்த பிறகுதான் முடியும். பச்சைக் குழந்தைக்கு அந்த இடம் 4 மில்லிமீட்டர் அகலம்தான் என்று வையுங்கள், சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினாலே காற்றுப் போகும் பரப்பு கால் பங்காகிவிடும். சுருக்கம் அதிகமானால் விலா எலும்பின் குருத்தெலும்பைச் சீவி வைத்து அந்த இடத்தை அகலப்படுத்துகிறோம். எப்போது என்பது எடை, நுரையீரல் எல்லாம் பார்த்து முடிவாகும். அதுவரை அதே அளவில் ஒரு குழாய், ஒரு அளவு சின்னதாக இன்னொன்று, உறிஞ்சு கருவி, மூன்றும் பையன் போகும் இடமெல்லாம் கூடவே போகணும்.

தேனி: மகள் காதில் புளியங்கொட்டை. தண்ணீர் விட்டால் வந்துவிடுமா?

ஊறிப் பெருத்துவிடும், விடாதீர்கள். ஹேர்பின்னும் வேண்டாம். நாளைக்குக் காலையில் போனால் போதும். ஆனால் போனது பட்டன் பேட்டரி என்றால், காதோ மூக்கோ தொண்டையோ, அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும். உணவுக்குழாயில் சிக்கினால் அந்த இடம் இரண்டு மணி நேரத்திலேயே வெந்துபோகும். விழுங்கியிருந்து, வயது ஒன்றுக்கு மேல், விழுங்கவும் முடிகிறது என்றால் போகும் வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டு டீஸ்பூன் தேன், ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். தேனுக்காக வழியில் நிற்காதீர்கள். அதே பேட்டரி இன்னொன்று வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துப்போங்கள், அளவு தெரிந்தால் எங்களுக்கு வேலை சுலபம்.