காலையில் மட்டும் படுத்துக்கொள்ளும் ஸ்பூலர்

கேள்வி: மன்னார்குடியில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10 போட்ட டெஸ்க்டாப். ஒரு மாதமாகக் காலையில் சிஸ்டத்தை ஆன் செய்தால் பிரிண்டர் பெயரே காட்டுவதில்லை. பார்த்தால் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்ற சர்வீஸ் நின்று கிடக்கிறது. ஸ்டார்ட் கொடுத்தால் ஓடும், ஒரு நிமிடத்தில் மறுபடி நின்றுவிடும். ஒருநாள் என் பையன் அந்த ஒரு நிமிடத்துக்குள் க்யூவில் நின்ற பழைய பிரிண்டுகளை எல்லாம் கேன்சல் செய்தான். அன்று முழுக்கத் தொந்தரவே இல்லை. மறுநாள் பழைய கதைதான். சர்வீஸ் செய்பவர் ஃபார்மட் அடித்து விண்டோஸை மறுபடி போட 800 ரூபாய் கேட்கிறார். போட்டுவிடலாமா? (யூபிஎஸ் பேட்டரி போய் ஆறு மாதம் ஆகிறது. இரவு கடை மூடும்போது போர்டு ஸ்விட்சை மொத்தமாக அணைத்துவிட்டுத்தான் கிளம்புவோம்.)
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: ஃபார்மட் வேண்டாம். பதில் உங்கள் கடிதத்தின் நடுவிலேயே கிடக்கிறது. பையன் க்யூவைக் காலி செய்த அன்று ஸ்பூலர் விழவில்லை. விண்டோஸ் கெட்டுப்போயிருந்தால் அன்றைக்கும் விழுந்திருக்கும். அடைப்புக்குறிக்குள் போட்டு ஒதுக்கிவிட்டீர்களே, அந்த போர்டு ஸ்விட்ச், அதுதான் நான் தேடிய ஆள்.

வேர்டில் பிரிண்ட் கொடுத்ததும் அது நேராகப் பிரிண்டருக்குப் போவதில்லை. திரைக்குப் பின்னால் தானாக ஓடும் சர்வீஸான ஸ்பூலர் அதை வாங்கி, ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபோல்டரில் எழுதி வைத்துக்கொண்டு, பிரிண்டர் கேட்கக் கேட்க எடுத்துக் கொடுக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கோப்புகள். எஸ்பிஎல் என்று முடிவதில் பக்கங்கள் இருக்கும். எஸ்எச்டி என்று முடிவதில் யார் அனுப்பியது, எந்தப் பிரிண்டருக்கு என்ற விவரம் இருக்கும். டிஸ்க்கில் இருப்பதால் கரண்ட் போனாலும் அழியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஸ்விட்ச் அணைந்தால் அரைகுறைக் கோப்பும் அழியாமல் தங்கிவிடும். மறுநாள் ஸ்பூலர் எழுந்ததும் நேற்றைய பாக்கியைத்தான் முதலில் கையில் எடுக்கும். பிரிண்டர் டிரைவர், அதாவது விண்டோஸையும் பிரிண்டரையும் பேசவைக்கும் மென்பொருள், அந்த அரைகுறையைப் படிக்கப் போய்த் தடுக்கி விழுகிறது. பழைய டிரைவர்கள் பல ஸ்பூலருக்கு உள்ளேயே உட்கார்ந்து வேலை செய்பவை. அதனால் டிரைவர் விழுந்தால் ஸ்பூலரும் சேர்ந்து விழும்.

விண்டோஸ் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. சர்வீசஸ் பட்டியலில் ஸ்பூலரை இரட்டைக் கிளிக் செய்து 'ரெகவரி' பக்கத்தைப் பாருங்கள். முதல் முறை விழுந்தால் ரீஸ்டார்ட், இரண்டாம் முறையும் ரீஸ்டார்ட், அதற்கப்புறம் ஒன்றும் செய்யாதே என்று பெரும்பாலும் இருக்கும். நீங்கள் கடையைப் பெருக்கி, சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு வந்து உட்காருவதற்குள் அந்த இரண்டு வாய்ப்பும் தீர்ந்திருக்கும். மூன்றாவதையும் ரீஸ்டார்ட் என்று மாற்றிவிடச் சிலர் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். குழி அப்படியே இருக்கிறது. ஸ்பூலர் நாள் முழுக்க அதிலேயே விழுந்து விழுந்து எழும், அவ்வளவுதான்.

குழியை மூடும் வழி இது. ஸ்டார்ட்டை அழுத்தி 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து, பிரிண்ட் ஸ்பூலரை ஸ்டாப் செய்யுங்கள். ஏற்கெனவே நின்றிருந்தால் இன்னும் நல்லது. பிறகு சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ். உள்ளே போக அனுமதி கேட்கும், கன்டின்யூ கொடுங்கள். உள்ளே இருப்பதை எல்லாம் அழியுங்கள். பிரிண்டர்ஸ் என்ற அந்த ஃபோல்டரை அழித்துவிட வேண்டாம். ஏதாவது ஒரு கோப்பு அழியமாட்டேன் என்று அடம்பிடித்தால் ஸ்பூலர் இன்னும் முழுதாக நிற்கவில்லை என்று அர்த்தம். எல்லாம் போனபின் ஸ்டார்ட். க்யூவில் இருந்த பிரிண்டுகளை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும், வாடிக்கையாளர் கோப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோல்டர் காலியாக இருந்தும் விழுகிறதா? அப்போது எந்த டிரைவர் என்று விண்டோஸிடமே கேட்டுவிடலாம். 'ஈவென்ட் வியூவர்' திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம். ஸ்பூலர் எதிர்பாராமல் நின்றது என்று 7031 அல்லது 7034 எண்ணோடு வரி இருக்கும். இது இரங்கல் செய்தி மட்டும்தான், காரணம் சொல்லாது. நேரத்தைக் குறித்துக்கொண்டு பக்கத்தில் உள்ள 'அப்ளிகேஷன்' பட்டியலுக்குப் போங்கள். அதே விநாடியை ஒட்டி 1000 என்ற எண்ணில் ஒரு சிவப்பு வரி. அதில் விழுந்த நிரல் ஸ்பூல்எஸ்வி என்று இருக்கும், அது ஸ்பூலர்தான். அதற்குக் கீழே 'ஃபால்டிங் மாட்யூல்' என்று இன்னொரு பெயர். நாம் தேடுவது அதைத்தான். பெரும்பாலும் ஏதோ ஒரு பிரிண்டர் கம்பெனியின் எழுத்துகளில் தொடங்கும். அந்தப் பிரிண்டர் கடையில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் விற்ற பிரிண்டரின் டிரைவர் உள்ளேயே தங்கி இந்த வேலை செய்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிரிண்டர் ஐகானை நீக்கினால் டிரைவர் போய்விடாது. 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' பக்கத்தில் 'பிரிண்ட் சர்வர் ப்ராபர்ட்டீஸ்' என்று இருக்கும். அதில் 'டிரைவர்ஸ்' பகுதிக்குப் போய், பேக்கேஜோடு சேர்த்து நீக்க வேண்டும். 'பயன்பாட்டில் இருக்கிறது' என்று மறுத்தால் ஸ்பூலரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்த கையோடு நீக்குங்கள், விட்டுவிடும்.

ஃபார்மட் வேண்டாம் என்று நான் இத்தனை அழுத்திச் சொல்வதற்கு ஒரு சொந்தக் கதை உண்டு. 2012-ல் கும்பகோணத்தில் கடை வைத்திருந்தேன். வைகாசி முகூர்த்த சீசனில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒருவர் இதே ஸ்பூலர் பிரச்சினையோடு சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கு அவசரம். டி டிரைவை மட்டும் காப்பி எடுத்துக்கொண்டு ஃபார்மட் அடித்தேன். ஸ்பூலர் ஜம்மென்று எழுந்தது. சாயங்காலம் போன் வந்தது. பத்திரிகையைத் திறந்தால் 'மணமகள்' இருக்க வேண்டிய இடத்தில் கே, இசட், கே, எஃப், எஸ், ஓர் அரைப்புள்ளி. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் கொடுக்கும் பாமினி எழுத்துரு போய்விட்டது! அவரிடம் இருந்த நூற்றுச்சொச்சம் தமிழ் எழுத்துருக்களும் விண்டோஸ் ஃபோல்டருக்குள்தான் இருந்தன, நான்தான் அழித்திருந்தேன். இரண்டு நாள் ஊர் முழுக்க டிடிபி கடைகளில் பென் டிரைவை நீட்டிக்கொண்டு அலைந்தேன். மூன்றாம் நாள் கரண்ட் போய் வந்தது; ஸ்பூலர் மறுபடி படுத்துக்கொண்டது. அதே டிரைவர் சிடியைத்தானே மறுபடியும் போட்டிருந்தேன். அவரிடம் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அவர் வாங்கிக்கொண்டார்.

உங்கள் 800 ரூபாயை யூபிஎஸ் பேட்டரிக்குப் போடுங்கள். இரவில் க்யூ காலியா என்று ஒரு பார்வை, அப்புறம் ஷட்டவுன், திரை முழுதாக அணைந்தபின் போர்டு ஸ்விட்ச். இன்னொன்று. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் இல்லை. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' இருந்தால் விண்டோஸின் உள்பகுதியை டிஸ்க்கில் தூங்கவைத்துவிட்டு, காலையில் அதையே எழுப்பும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அதனால் இப்படி எதையாவது அழித்து, மாற்றியபின் ஷட்டவுன் செய்து சோதிக்காதீர்கள், ரீஸ்டார்ட் செய்து சோதியுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டர் வேகமாக ஓட ஒரு வீடியோவில் சொன்னபடி தேவையில்லாத சர்வீஸ்களை எல்லாம் டிசேபிள் செய்தேன். வேகம் கூடியதாகத் தெரியவில்லை, சத்தம் போய்விட்டது. 'விண்டோஸ் ஆடியோ'வை ஸ்டார்ட் செய்தால் 1068 என்ற பிழை வருகிறது. அதை நான் தொடவே இல்லை. ஸ்பீக்கரை மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: ஸ்பீக்கர் பாவம், விடுங்கள். 1068 என்றால் 'நான் சரியாகத்தான் இருக்கிறேன், எனக்குமுன் எழ வேண்டியவர் எழவில்லை' என்று பொருள். விண்டோஸ் ஆடியோவின் ப்ராபர்ட்டீஸில் 'டிபென்டென்சீஸ்' பக்கத்தைத் திறந்தால் யாரை நம்பி இருக்கிறது என்று தெரியும். அதில் 'விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயிண்ட் பில்டர்' என்று ஒருவர் இருப்பார். நீங்கள் கைவைத்தது பெரும்பாலும் அவர்மீதுதான். அதை ஆட்டோமேட்டிக் என்று மாற்றி ஸ்டார்ட் செய்துவிட்டு, பிறகு ஆடியோவை எழுப்புங்கள்.

மற்றவற்றையும் நினைவிலிருந்து திருப்பி வையுங்கள். ஆனால் வேறொருவர் அலுவலகக் கம்ப்யூட்டரில் 'டிசேபிள்டு' என்று ஏதாவது கண்டால் உடனே மாற்றாதீர்கள், கேட்டுவிட்டு மாற்றுங்கள். 2021 ஜூலையில் ஸ்பூலரில் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, பிரிண்ட் தேவைப்படாத இடங்களில் ஸ்பூலரை நிறுத்திவைக்கும்படி மைக்ரோசாஃப்ட்டே சொன்னது.

கேள்வி: லினக்ஸ் மின்ட் போட்ட பழைய டெஸ்க்டாப். இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி மருமகனிடம் கொடுத்தேன். அன்றிலிருந்து ஆன் செய்தால் ஏதோ ஒரு வேலை நடக்கிறது என்று 1 நிமிடம் 30 விநாடி எண்ணிக்கொண்டே நிற்கிறது. பிறகு 'எமர்ஜென்சி மோட்' என்று கறுப்புத் திரை. மருமகனிடம் டிஸ்க்கைத் திருப்பிக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: கேட்க வேண்டாம் ஐயா. லினக்ஸ் இன்னும் அந்த டிஸ்க்குக்காக வாசலில் நிற்கிறது. எந்தெந்த டிஸ்க் எங்கெங்கே இணைய வேண்டும் என்று 'எஃப்எஸ்டேப்' என்ற கோப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். சர்வீஸ்களை எழுப்பும் மேஸ்திரியான 'சிஸ்டம்டி' அதைப் படித்து, டிஸ்க் வரும் என்று 90 விநாடி காத்திருக்கும். வரவில்லை என்றால் மேலே போவது ஆபத்து என்று நின்றுவிடும். வராதவர் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, அடித்துவிட்டால் சரி.

கறுப்புத் திரையில் எண்டரை அழுத்துங்கள். 'நேனோ' எடிட்டரில், 'ஈடிசி' ஃபோல்டரில் இருக்கும் எஃப்எஸ்டேப்பைத் திறங்கள். ஒவ்வொரு வரியிலும் டிஸ்க்கின் நீண்ட அடையாள எண்ணும் அதை அடுத்து இணையும் இடமும் இருக்கும். பழைய டிஸ்க் இணைந்த ஃபோல்டரின் பெயர் உங்களுக்கே தெரிந்திருக்கும்; அந்த வரியின் தொடக்கத்தில் # போடுங்கள். இணையும் இடம் வெறும் சாய்கோடாக மட்டும் இருக்கும் வரியைத் தொட்டுவிடாதீர்கள், முழு லினக்ஸும் அதில்தான் நிற்கிறது. கன்ட்ரோலும் ஓவும் சேர்த்து அழுத்தி, எண்டர், பிறகு கன்ட்ரோலும் எக்ஸும். ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அதற்குப்பிறகும் 90 விநாடி நின்று, ஆனால் தானாகவே உள்ளே போய்விடுகிறது என்றால், கழற்றிய டிஸ்க்கில் ஸ்வாப் பகுதியும் (மெமரி போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும் இடம்) இருந்திருக்கிறது. அதே கோப்பில் ஸ்வாப் என்ற வரிக்கும் # வைத்துவிடுங்கள். மருமகன் என்றாவது டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தால் # எடுத்துவிட்டு, அந்த வரியின் நான்காவது இடத்தில் ஒரு காற்புள்ளி போட்டு 'நோஃபெயில்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க் வந்தால் இணையும், வராவிட்டால் சிஸ்டம் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். இது ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல்.

கேள்வி: தினமும் காலையில் ஆன்டிவைரஸ் சர்வீஸ் சிவப்பில் நிற்கிறது. எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்கிறது. தேதியும் பல வருஷம் பின்னால் போய்விடுகிறது. தேதியைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகிறது. வைரஸா?
– ஒரு மாணவி, திண்டுக்கல்

பதில்: மதர்போர்டில் வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். அது தீர்ந்துவிட்டது. கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். தேதி பின்னால் போனதும் இணையதளங்களின் சான்றிதழ்கள் எல்லாம் 'இன்னும் பிறக்காதவை' ஆகிவிடுகின்றன. ஆன்டிவைரஸ் தன் லைசென்ஸ் தேதியைப் பார்த்துக் குழம்புகிறது. வாட்ச் கடையிலேயே பேட்டரி கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி மாட்டுங்கள். பிறகு பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் திறக்கும் அமைப்புத் திரை) தேதி, நேரம் வைத்து சேவ் செய்யுங்கள்.