மகன் பேனல் பீட்டிங் படிக்கட்டும் அக்கா, ஆனால் ஒப்பந்தத்தோடு

அன்புள்ள அக்கா,

மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்ததும் யூனிவர்சிட்டி வேண்டாம், விபத்தில் நசுங்கிய காரின் உடலைச் சரிசெய்யும் பேனல் பீட்டிங்தான் என்று மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான் என எழுதியிருந்தீர்கள். "கரும்புத் தோட்டத்தில் கை தேய்ந்த குடும்பம், பேரனும் அழுக்குக் கையோடு வரணுமா?" என்று உங்கள் மாமியார் கேட்டாராம். 1860-இலிருந்து இந்தியாவைவிட்டுத் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறி வந்தவர்கள் பிள்ளைகளைப் படிக்கவைக்கப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல, அதனால் அவர் கோபம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் நான் பையன் பக்கம்தான். நிபந்தனை ஒன்று உண்டு, அதற்கு வருகிறேன்.

பேனல் பீட்டிங் என்றதும் சுத்தியல்தான் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டில் டிங்கரிங் என்பார்கள். ஆனால் பின்சக்கரத்துக்கு மேலிருக்கும் தகடு அடித்து நிமிர்த்த முடியாதபடி நசுங்கிவிட்டால், வெட்டியெடுத்துப் புதிது வைக்கத்தான் வேண்டும். ஃபேக்டரியில் அதை வரிசையாகப் பொட்டுப் பொட்டாக ஸ்பாட் வெல்டிங் செய்து பிடித்திருப்பார்கள். அந்தப் பொட்டு ஒவ்வொன்றையும் தேடி, அடித்தகடு ஓட்டையாகாமல் மேல்தகட்டை மட்டும் டிரில் செய்து பிரிக்க வேண்டும். புதுத் தகட்டைக் கிளாம்ப் போட்டு நிறுத்தி, கதவைச் சாத்திப் பார்த்தால் மேலே இடைவெளி சரியாக இருக்கும், கீழே விரல் நுழையும். கழற்றி, நகர்த்தி, மறுபடி சாத்த வேண்டும். பாதி நாள் இதிலேயே போய்விடும், வெல்டிங் மெஷினை இன்னும் ஆன் செய்திருக்கவே மாட்டான்.

வெல்டிங்கிலும் அவசரம் ஆகாது. தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரே மூச்சில் கோடு இழுத்தால் சூட்டில் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். அதனால் இங்கே ஒரு பொட்டு, தள்ளி ஒரு பொட்டு, ஆறவிட்டு அப்புறம் நடுவில் ஒன்று. இரண்டு தகடும் ஒட்டும் இடத்தில் முன்கூட்டியே துத்தநாக ப்ரைமர் அடிக்க வேண்டும். முடிந்ததும் இணைப்பில் சீலர், உட்குழியில் மெழுகு. நம் டர்பன் உப்புக்காற்றில் இதைத் தவிர்த்தால் மேலே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும்.

கதவுகளுக்கு நடுவிலுள்ள தூண் போன்ற பாகங்களில் உறுதி அதிகமுள்ள எஃகு இருக்கும், கண்டபடி சூடுபட்டால் வலுவிழந்துவிடும். எங்கே வெட்டலாம், எங்கே கூடாது என்பதை கார் கம்பெனியின் கையேட்டைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அடுத்த விபத்தில் உள்ளே உட்கார்ந்திருப்பவரின் உயிர் அந்த முடிவில் இருக்கிறது. படித்த பையன் இந்த வேலைக்கு வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

இப்போது நிபந்தனை. தெருவிலேயே ஒரு அங்கிள் வீட்டுப் பின்புறப் பட்டறையில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். கைவேலை நன்றாகவே வரும். ஆனால் இந்தத் துறையின் தொழிற்பயிற்சியைக் கவனிக்கும் அமைப்பான மெர்சீட்டாவில் பதிவான அப்ரென்டிஸ் (பயிற்சித் தொழிலாளி) ஒப்பந்தம் இல்லாமல் அனுப்பாதீர்கள். செய்த வேலை லாக்புக்கில் ஏற வேண்டும், பிறகு டிரேட் டெஸ்ட் என்ற தொழில்தேர்வு, தேறினால் தகுதிபெற்ற தொழிலாளி என்பதற்கான ரெட் சீல் சான்றிதழ். என்னிடம் வந்த ஒரு பையன் ஆறு வருடம் கதவும் ஃபெண்டரும் மாற்றியவன், கையில் ஒரு துண்டுத் தாள் இல்லை. முன்அனுபவத்தைக் காட்டி டிரேட் டெஸ்ட் எழுத வழி இருக்கிறது. ஆனால் அனுபவத்துக்குச் சாட்சிக் கடிதம் கேட்டுப் போனால், பழைய முதலாளி ஒருவர் கடையையே மூடிவிட்டிருந்தார். அவன் என் மேசைக்கு எதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

செலவுக்குப் பயப்படாதீர்கள். அரசு டிவெட் கல்லூரியில் (தொழிற்கல்விக் கல்லூரி) சேர்ந்தால், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்ஃபாஸ் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அப்ரென்டிஸாகப் போனால் பயிற்சியிலேயே சம்பளம் உண்டு.

பட்டறையைப் பார்க்க நீங்களும் போங்கள். துத்தநாகப் பூச்சுத் தகட்டை வெல்ட் செய்யும் புகையை இழுத்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் வரலாம். வேலை செய்பவர்கள் முகத்தில் மாஸ்க் இருக்கிறதா, புகை வெளியே போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த இடம் வேண்டாம்.

வரும் ஸ்கூல் லீவில் நல்ல பேனல் ஷாப் ஒன்றில் இரண்டு நாள் அவனை நிற்க வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் என்ன பார்த்தான் என்று கேளுங்கள். தீப்பொறியைப் பற்றி மட்டும் பேசினால் கொஞ்சம் பொறுக்கலாம். கதவு இடைவெளியைப் பற்றிப் பேசினால் என்னிடம் கூட்டிவாருங்கள், ஒப்பந்தத்தை மூன்று பேரும் உட்கார்ந்து வரிவரியாகப் படிப்போம்.