வாத்துக் குழலும் ஆட்டுச் சத்தமும்

கேள்வி: கனடாவிலிருந்து வந்த மச்சான், காட்டு வாத்தைக் கூப்பிடும் குழல் ஒன்று தந்தார். நான் ஊதினால் ஆடு கத்துகிறது! எப்படி ஊதுவது? காசல்ரீ நீர்த்தேக்கப் பக்கம் போய் ஊதினால் வாத்து வருமா?
- வாசகர், நோர்வூட்

பதில்: கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதுகிறீர்கள், அதனால்தான் ஆடு வருகிறது. மூக்குக்கண்ணாடியைத் துடைக்க 'ஹா' என்று ஆவி விடுவோமே, அந்த மாதிரி வயிற்றிலிருந்து சூடான காற்றாகத் தள்ளுங்கள். ஒவ்வொரு சத்தத்தையும் தொண்டையிலேயே 'க்' என்று வெட்டி முடியுங்கள். 'க்வா...' என்று இழுத்தால் எந்த வாத்தும் நம்பாது. குழலுக்குள் ஒரு சீவாளியா (அதிர்ந்து சத்தம் எழுப்பும் மெல்லிய தகடு), இரண்டா என்றும் பாருங்கள். இரண்டு இருந்தால் புதிதாகப் பழகுகிறவருக்குச் சுலபம். எச்சில் இறங்கினால் சீவாளி ஒட்டிக்கொண்டு ஊமையாகிவிடும், உதறிவிட்டு ஊதுங்கள்.

அந்தக் குழல் பெரும்பாலும் மல்லார்ட் என்ற காட்டு வாத்தின் பேட்டுக் குரலுக்காகச் செய்தது. உரக்கக் 'க்வாக்' என்பது பேடுதான், ஆணின் குரல் கரகரத்து அடங்கிக் கிடக்கும். முதலில் ஐந்து சத்தம் பழகுங்கள்: முதலாவது உரக்க, கொஞ்சம் நீளமாக, மற்றவை படிப்படியாக இறங்கி வரட்டும். குழலின் வாயைக் கையால் பொத்தியும் திறந்தும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

ஆனால் ஊதத் தெரிவதைவிட நிறுத்தத் தெரிவதுதான் பெரிய வித்தை. கனடாவின் மனிடோபாவில் மகள் வீட்டில் இருந்தபோது பக்கத்து வீட்டு வேட்டைக்காரர் என்னைச் சதுப்புக்குக் கூட்டிப்போவார். வாத்துகள் வாலைக் காட்டிக்கொண்டு விலகிப் போகும்போது மட்டும் ஊதுவார். முகத்தைத் திருப்பி நம் பக்கம் வந்தால் வாயை மூடிக்கொள்வார், எனக்கும் இருமக்கூட அனுமதி கிடையாது! காற்று பலமாக இருந்தால் உரக்க, அசையாத காலையில் மெதுவாக. ஊதிக்கொண்டே இருப்பவனை வாத்து தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளும் என்பார்.

காசல்ரீயில் அந்தக் குழல் எடுபடாது. மல்லார்ட் நம் இலங்கைப் பறவை இல்லை. இங்கே குளங்களில் அதிகம் காணும் சீழ்க்கைச் சிறகி என்ற வாத்து, பேரைப் போலவே சீட்டியடிக்கிறது, 'க்வாக்' அதற்கு வேற்றுமொழி. அப்புறம், சுடுகிற யோசனை எதுவும் இருந்தால் விட்டுவிடுங்கள். 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி இங்கே காட்டு வாத்து வேட்டை குற்றம்.

கேள்வி: வாத்தைக் கூப்பிடும் சத்தத்தைப் போனில் பதிந்து போட்டால் ஆகாதா? ஏன் மூச்சுப் பிடிக்க வேண்டும்?
- வாசகி, பண்டாரவளை

பதில்: வேட்டைக்கு அனுமதியுள்ள அமெரிக்காவிலேயே வாத்துக்குப் பதிவுக் குரல் போடத் தடை. வாயால்தான் ஊத வேண்டும். அங்கே ஆர்கன்சா மாநிலத்தின் ஸ்டட்கார்ட் ஊரில் 1936இல் தொடங்கிய வாத்துக் குரல் போட்டிக்கு இன்றும் மவுசு. போட்டியில் மேடையில் நின்று, எதிரே ஒரு வாத்தும் இல்லாமல் ஊதுகிறார்கள்.