கேப்சிடபினும் வார்ஃபரினும் சேர்ந்து எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அம்மாவுக்குக் குடல் புற்றுநோய், கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை தொடங்கப் போகிறார்கள், இதயத்தில் மெக்கானிக்கல் வால்வு வைத்திருப்பதால் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினும் ஓடுகிறது, சோர்வுக்குச் சத்து மாத்திரை தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சத்து மாத்திரை இருக்கட்டும், முதலில் வார்ஃபரினைப் பாருங்கள். என் அப்பாவுக்கும் இதே இரண்டு மருந்துகள்தான். பல வருஷமாக ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் டெஸ்ட் அளவு, ஏறினால் ரத்தக்கசிவு ஆபத்து) 3-ஐ ஒட்டியே இருந்தவருக்கு, கீமோ தொடங்கிய பிறகு ஒருநாள் காலை பல் தேய்த்துத் துப்பியதெல்லாம் சிவப்பு. அன்றே டெஸ்ட் எடுத்தோம், 6-ஐத் தாண்டியிருந்தது. வார்ஃபரின் அளவு கொஞ்சமும் மாறவில்லை. கல்லீரல் வார்ஃபரினைச் சிதைத்து வெளியேற்றுவதைக் கேப்சிடபின் மந்தமாக்கிவிடுகிறது. அதனால் வழக்கமான அளவே அதிகமாகிவிடும். வார்ஃபரின் வகையைச் சேர்ந்த அசிட்ரோம் மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

இது முதல் சில நாளிலும் வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம். கீமோ முடிந்த பிறகும் ஒரு மாதம் வரை ஐஎன்ஆர் ஏறி இறங்கலாம். 'கோர்ஸ் முடிந்தது' என்று டெஸ்ட்டை விட்டுவிடாதீர்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று இதய மருத்துவரிடமும் புற்றுநோய் மருத்துவரிடமும் இப்போதே கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள். பயந்துபோய் நீங்களாக வார்ஃபரினை நிறுத்தவே கூடாது, வால்வில் ரத்தம் உறைந்துவிடும். மலம் கறுப்பாகப் போனாலோ மூக்கில் ரத்தம் நிற்காமல் வந்தாலோ உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

சரி, சத்து மாத்திரை. அட்டையின் பின்பக்கம் ஃபோலிக் ஆசிட் என்று இருக்கிறதா பாருங்கள். ரத்தசோகைக்குத் தரும் 5 மி.கி. மாத்திரை நம் வீடுகளில் சாதாரணமாகக் கிடக்கும். அது கேப்சிடபினின் வீரியத்தைக் கூட்டி, வயிற்றுப்போக்கையும் வாய்ப்புண்ணையும் மோசமாக்கும். டாக்டரைக் கேட்காமல் தராதீர்கள். கீரையை ஒதுக்க வேண்டாம், ஆனால் வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கட்டும். வார்ஃபரினுக்கு அதுதான் நல்லது.

வலிப்புக்கு ஃபெனிடாயின் எடுப்பவரானால் அதையும் சொல்லுங்கள், அதன் அளவும் ரத்தத்தில் ஏறும். 1993-இல் ஜப்பானில் அக்கிக்குத் தந்த சோரிவுடின் என்ற மருந்து, இதே குடும்பத்துப் புற்றுநோய் மருந்தோடு சேர்ந்து 15 பேரின் உயிரைப் பறித்தது. இங்கே வழக்கமாகத் தரும் அசைக்ளோவிர் அந்த வகை இல்லை. ஆனாலும் தோல் டாக்டரிடம் போனால்கூடக் கேப்சிடபின் அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.